ரூஃப் பாக்ஸும் திருட்டுப் பயமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஏழு பேர் உட்காரும் காரின் தலையில் ஒரு ரூஃப் பாக்ஸ், அதாவது கூரைமேல் மாட்டும் சாமான் பெட்டி, ஏறுவதும் இறங்குவதுமாக எட்டு ஆண்டுகள் ஓடிவிட்டன. ஜூன் விடுமுறைக்கு ஏறும், டிசம்பரில் ஏறும், தீபாவளிக்கு ஈப்போவில் இருக்கும் மாமியார் வீட்டுக்குப் போகும்போது கட்டாயம் ஏறும். புளோக்குக்குக் கீழே அதை மாட்டிக்கொண்டிருந்தால் போகிறவர் வருகிறவர் நின்று கேட்பது இரண்டே கேள்விதான்: "என்ன விலை?", "திருடு போகாதா?" விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டியும் போகும். இரண்டாவது கேள்விக்குத்தான் ஸ்பேனரைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

சிங்கப்பூரில் போய் யார் ரூஃப் பாக்ஸைத் திருடப்போகிறார்கள்?

பெட்டியை மொத்தமாகத் தூக்கிக்கொண்டு போவது இங்கே சுலபமில்லை. இரண்டு மீட்டர் நீளம், 15 முதல் 25 கிலோ எடை. ஒருவர் தனியாக இறக்கினால் இடுப்புப் பிடிக்கும். இறக்கிய பிறகு அதைத் தூக்கிக்கொண்டு எந்த மின்தூக்கியில் ஏறுவது? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டைகளில் கேமராவுக்கும் பஞ்சமில்லை. 2012இல் தொடங்கி 2016க்குள் சுமார் 10,000 புளோக்குகளிலும் பலமாடிக் கார் நிறுத்தங்களிலும் காவல்துறை தன் கேமராக்களைப் பொருத்தி முடித்தது.

ஆனால் அதே காவல்துறைதான் "குற்றம் குறைவு என்பதற்குக் குற்றமே இல்லை என்று அர்த்தமில்லை" என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. பூட்டாத பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பையை எடுப்பதற்கு அரை நிமிடம் போதும். என் அனுபவத்தில் பயப்பட வேண்டியது பெட்டி போவதைப் பற்றி அல்ல, அதற்குள் இருப்பது போவதைப் பற்றித்தான். அதுவும் பெரும்பாலும் மலேசியாவுக்குப் போகும் கடற்பாலத்தைத் தாண்டிய பிறகு. மலேசியாவைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஊரில் இருக்கும்போது பெட்டி காலி. பயணத்தில்தான் அது நிரம்பியிருக்கிறது. சிங்கப்பூர் நம்பர் பிளேட், தலையில் பெரிய பெட்டி, முன்பின் தெரியாத கார் நிறுத்தம். "இவர்கள் சுற்றுலாவுக்கு வந்தவர்கள், சாமான் நிறைய இருக்கிறது" என்று கார் தானாகவே விளம்பரம் செய்துகொள்கிறது.

பெட்டியோடு வரும் பூட்டு எந்த அளவுக்குத் தாங்கும்?

நம் வீட்டுத் தபால் பெட்டியின் பூட்டை விடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். பெட்டி பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. வெயிலுக்கும் மழைக்கும் தாங்கும், நெம்புகோலுக்குத் தாங்காது. ஒரு நல்ல ஸ்குரூடிரைவரும் மனசாட்சி இல்லாத ஆளும் இருந்தால் மூடியின் விளிம்பு திறந்துவிடும். பூட்டின் வேலை கொஞ்சம் தாமதப்படுத்துவதும் கொஞ்சம் சத்தம் வரவைப்பதும்தான். போகிற போக்கில் கைவைத்துப் பார்க்கிற ஆளை அது நிறுத்தும். கருவியோடு வருகிற ஆளை நிறுத்தாது.

நல்ல பெட்டிகளில் ஒரு வசதி உண்டு. ஒரே சாவி முன், நடு, பின் என்று எல்லாப் பிடிகளையும் சேர்த்துப் பூட்டும். எல்லாம் சரியாக விழுந்தால்தான் சாவி கையோடு வரும். சாவி வரவில்லை என்றால் எங்கோ ஒரு பிடி விழவில்லை. தலையணை நுனி சிக்கியிருக்கும், அல்லது மூடியை அமுக்கி மூடும் அளவுக்குத் திணித்திருப்பீர்கள். அப்போது சாவியைப் பலமாகத் திருகாதீர்கள். திறந்து, ஒரு பையை எடுத்துக் காருக்குள் போடுங்கள். திணித்து மூடிய பெட்டியின் விளிம்பு லேசாகப் பிதுங்கி நிற்கும். விரலோ இரும்போ நுழைய அந்த இடைவெளி போதும்.

சாவியில் ஒரு எண் இருக்கிறதே, அது எதற்கு?

சாவி தொலைந்தால் மாற்றுச் சாவி வாங்குவதற்கு. ரூஃப் பாக்ஸ் செய்யும் துலே (Thule) நிறுவனத்தின் சாவிகளில் 'N' என்ற எழுத்தும் மூன்று இலக்கமும் இருக்கும். மொத்தம் சில நூறு எண்கள்தான் புழக்கத்தில் உள்ளன. அதாவது உங்கள் சாவியே தீவில் இன்னொருவர் பெட்டியையும் திறக்கலாம். பெரிய ஆபத்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல பூட்டுகளின் முகத்திலேயே அந்த எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. பார்த்து வைத்துக்கொண்டால் யாரும் அதே எண்ணில் சாவி வாங்கலாம். எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பூட்டின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டிவிடுங்கள்.

பெட்டியைக் கம்பியோடு கழற்றிக்கொண்டு போனால்?

இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் நல்ல கேள்வி. பெட்டி உட்காருவது காரின் கூரையில் குறுக்காக மாட்டும் இரண்டு கம்பிகளின் மேல். பெட்டியை அந்தக் குறுக்குக் கம்பியோடு பிடித்திருக்கும் கிளிப்புகள் பெட்டியின் உள்ளே இருக்கின்றன. மூடி பூட்டியிருந்தால் அவற்றைத் தொட முடியாது. ஆனால் அந்தக் கம்பி காரை எப்படிப் பிடித்திருக்கிறது என்று பார்த்தீர்களா? நாலு மூலையிலும் ஒரு பிளாஸ்டிக் மூடி, அதற்குப் பின்னால் ஒரு போல்ட். அந்த மூடிக்குப் பூட்டு இல்லையென்றால் ஒரு ஆலன் சாவியால் (போல்ட் திருகும் அறுகோணக் கம்பி) கம்பியும் பெட்டியும் சேர்ந்தே கழன்று வரும். பெட்டிக்கு ஆயிரம் வெள்ளி கொடுத்துவிட்டு, கம்பிக்கான பூட்டை "தனியாக வாங்கணுமா?" என்று விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் ஓட்டினேன்.

கம்பிக்கான பூட்டு உருளைகள் தனியாகக் கிடைக்கும். நாலு, ஆறு, எட்டு என்று செட்டாக வரும். பெட்டி, கம்பி, சைக்கிள் ரேக் எல்லாம் ஒரே நிறுவனத்துடையதாக இருந்தால் அனைத்துக்கும் ஒரே சாவி வருகிற மாதிரி உருளைகளை மாற்றிக்கொள்ளலாம். பழைய பெட்டியை இன்னொருவரிடமிருந்து வாங்கினால் இதை முதல் வேலையாகச் செய்யுங்கள். அவரிடம் இன்னொரு சாவி இல்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்?

உங்களுக்கு எப்போதாவது திருடு போயிருக்கிறதா?

ஒருமுறை. எங்கள் முதல் பெட்டி பழசு. இரண்டு பக்கமும் திறக்கும், ஆனால் பக்கத்துக்கு ஒரு பூட்டு, தனித்தனியாகப் பூட்ட வேண்டும். வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையில் ஓர் ஓய்வுத்தலத்தில் நிறுத்தினோம். கடைக்குட்டிக்கு வாந்தி, மாற்றுத்துணி வேண்டும் என்று இடது பக்கம் திறந்து எடுத்தேன். மூடியை இறக்கினேன், பூட்டவில்லை. வலது பக்கம் பூட்டியிருந்ததால் பூட்டியதாகவே மனதில் பதிந்துவிட்டது. தே தாரிக் குடித்துவிட்டு இருபது நிமிடத்தில் திரும்பினால் இடது மூடி ஒரு விரல் அளவு தூக்கியிருந்தது. ஓரமாக இருந்த பை இல்லை. அதற்குள் பணமோ நகையோ கிடையாது. மறுநாள் கல்யாணத்துக்கு என் மனைவி கட்ட வேண்டிய பட்டுப்புடவை இருந்தது. எடுத்தவனுக்கு அதனால் என்ன பயன் என்று இன்றுவரை தெரியவில்லை. மாமியார் மட்டும் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதை நினைவுபடுத்தத் தவறுவதில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். காரை விட்டு நகரும் முன் ஒருவர் சுற்றிவந்து இரண்டு பக்கமும் மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். இப்போது அது மூத்த மகளின் வேலை. அவள் "சரி" என்று சொன்னால்தான் நடக்க ஆரம்பிப்போம்.

பெட்டிக்குள் எதை வைக்கலாம், எதை வைக்கக் கூடாது?

போனால் கோபம் வரும், ஆனால் பயணம் நிற்காது என்கிற மாதிரிப் பொருள்களை மட்டும். தலையணை, போர்வை, டயப்பர் மூட்டை, மடக்குத் தள்ளுவண்டி, நீச்சல் துணி, கடற்கரை விளையாட்டுச் சாமான், அழுக்குத்துணி மூட்டை. திரும்பி வரும்போது அழுக்குத்துணியை மூடிக்கு நேராக மேலாக வையுங்கள். கைவிட்டவனுக்கு முதலில் அதுதான் கிடைக்கும்.

கடப்பிதழ், மடிக்கணினி, கேமரா, நகை, அன்றாடம் சாப்பிடும் மருந்து ஆகியவை மேலே போகவே கூடாது. திருட்டு ஒரு காரணம், சூடு இன்னொன்று. கறுப்புப் பெட்டி மதிய வெயிலில் நின்றால் உள்ளே கை வைக்க முடியாது. மாத்திரையும் இன்சுலினும் அந்தச் சூட்டுக்கானவை அல்ல. எடைக்கும் வரம்பு உண்டு. பெட்டியில் பெரும்பாலும் 75 கிலோ வரை என்று போட்டிருக்கும், ஆனால் காரின் கூரை எவ்வளவு தாங்கும் என்று கார்க் கையேடு சொல்வதுதான் கணக்கு. அதில் பெட்டியின் எடையும் கம்பியின் எடையும் சேரும்.

ஓய்வுத்தலத்தில் நிறுத்தும்போது எப்படி?

மச்சாப், பாகோ, ஆயர் குரோ என்று எங்கே நின்றாலும் சரி, சாப்பிடும் இடத்திலிருந்து கார் கண்ணுக்குத் தெரியவேண்டும். நிழல் தேடிக் கடைசி மரத்தடிக்குப் போகாதீர்கள். இன்னொன்று, வந்து நிறுத்திய இடத்திலேயே பெட்டியைத் திறந்து மூடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த வரிசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த நிறுத்தத்தில் வேண்டியதை ஒரு சின்னப் பையில் போட்டுக் காருக்குள்ளேயே வைத்துக்கொண்டால் வழியில் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

இரவு ஹோட்டலில் தங்கினால்?

பெட்டியைக் காலி செய்துவிடுங்கள். சோம்பேறித்தனம் வரும், தெரியும். ஆறு மணி நேரம் ஓட்டிய களைப்பில் மேலே ஏறிப் பை இறக்க யாருக்கும் மனம் வராது. அதற்குத்தான் பெட்டிக்குள் சாமானை உதிரியாகப் போடாமல் மூன்று நாலு பெரிய துணிப்பைகளில் கட்டிவைப்பது. இரண்டு நடையில் அறைக்குப் போய்விடும். முடியாவிட்டால் விளக்கு வெளிச்சத்தில், காவலாளி உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் மட்டும் திறக்கும் பெட்டியென்றால் அந்தப் பக்கத்தைச் சுவரை ஒட்டி நிறுத்தலாம். மூடியை விரிக்க இடமில்லாவிட்டால் வேலை கஷ்டம்.

திரும்பி வரும்போது உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்வார்களா?

சொல்வார்கள், சொல்லலாம். குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணைய அதிகாரி டிக்கியைப் பார்ப்பது மாதிரிதான் இதுவும். சாவி ஓட்டுநர் கையில் இருக்கவேண்டும். பின்னால் நூறு கார் நிற்கும்போது மனைவி கைப்பைக்குள் தேடிக்கொண்டிருப்பது நல்ல காட்சி அல்ல.

ஆனால் இந்த இடத்தில் நான் சொல்ல நினைப்பது சாவியைப் பற்றி அல்ல. பூட்டாத பெட்டியிலிருந்து ஒருவன் எதையாவது எடுப்பது ஒரு கஷ்டம். அதற்குள் எதையாவது வைத்துவிட்டுப் போவது அதைவிடப் பெரிய கஷ்டம். சிங்கப்பூரின் போதைப்பொருள் சட்டத்தில் 21ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், ஒரு வாகனத்தில் போதைப்பொருள் கிடைத்தால் அது வாகன உரிமையாளரிடமும் அப்போது வண்டியைப் பொறுப்பில் வைத்திருந்தவரிடமும் இருந்ததாகவே அனுமானிக்கப்படும். இல்லை என்று நிரூபிப்பது அவர்கள் பாடு. கூரை மேல் இருக்கும் பெட்டியும் உங்கள் வண்டிதான். "யார் வைத்தார்கள் என்று தெரியாது சார்" என்று சொல்லித் தப்பிக்கிற விஷயமல்ல இது.

அதனால் பாலத்துக்கு வரும் முன், ஜோகூர் பாருவில் எண்ணெய் நிலையத்தில் நிற்கும்போது, பெட்டியைத் திறந்து ஒருமுறை முழுக்கப் பாருங்கள். உங்களுடையது அல்லாத எதுவும் இருந்தால் அதைத் தொடாமல் காவல்துறையை அழையுங்கள். நண்பர் கொடுத்தனுப்பிய பார்சலையும் திறந்து பார்க்காமல் மேலே போடாதீர்கள். சிகரெட்டுக்கு இங்கே வரிவிலக்கே கிடையாது, மலேசியாவிலிருந்து வரும் மதுவுக்கும் கிடையாது. மச்சான் ஆசையாகக் கட்டிக்கொடுத்தது என்று சொல்வதை யாரும் கேட்கப்போவதில்லை.

பலமாடிக் கார் நிறுத்தத்தில் விட்டால் பாதுகாப்புதானே?

முதலில் உள்ளே போகுமா என்று பாருங்கள். நுழைவாயிலில் தொங்கும் கம்பியில் உயர வரம்பு எழுதியிருக்கும், பல இடங்களில் 2 மீட்டரை ஒட்டித்தான். சாதாரண செடான் காருக்கு உயரம் 1.45 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் கம்பியும் பெட்டியும் சேர்ந்து ஏறக்குறைய அரை மீட்டர் கூடும், மயிரிழையில் போகலாம். என் கார் மாதிரி 1.8 மீட்டரைத் தாண்டிய வண்டிக்கு வாய்ப்பே இல்லை. மொத்த உயரத்தை டேப் வைத்து அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். பெட்டி இருப்பதை மறந்து உள்ளே விட்டவர்களின் பெட்டியைத் திருடன் தொட வேண்டியதே இல்லை.

இதனால்தான் பெட்டி மாட்டிய உயரமான கார்கள் எங்கே போனாலும் திறந்தவெளியில், பல நேரம் தெருவோரமாகவே நிற்க வேண்டியிருக்கிறது. ஜோகூர் பேரங்காடிகளின் கீழ்த்தளத்துக்கும் இதே கதைதான். ஒருநாள் ஷாப்பிங்குக்குப் பெட்டியோடு போகாதீர்கள்.

கேபிள், ஏர்டேக் எல்லாம் பயன்படுமா?

கேபிள் பயன்படும். சைக்கிளுக்குப் போடும் எஃகுக் கேபிளைப் பைகளின் கைப்பிடிக்குள் விட்டு, கிளிப் ஏறும் துளை வழியாகக் குறுக்குக் கம்பியைச் சுற்றிப் பூட்டினால், மூடி திறந்தாலும் பை வராது. அறுக்க முடியும்தான், ஆனால் நேரம் பிடிக்கும். முப்பது வெள்ளிக்குள் முடிகிற காரியம்.

ஏர்டேக் என்பது ஆப்பிளின் சின்ன இடங்காட்டி, 2021இல் வந்தது. பக்கத்தில் போகும் ஐஃபோன்களின் உதவியால் இருக்கும் இடத்தைச் சொல்லும். பிளாஸ்டிக் பெட்டி அதன் சிக்னலைத் தடுக்காது. 60 டிகிரி செல்சியஸ் வரைதான் அது வேலை செய்யும் என்று ஆப்பிள் சொல்கிறது. வெயிலில் நிற்கும் கறுப்புப் பெட்டியின் கூரையில் ஒட்டாமல், பைக்குள் துணிக்கு நடுவே போடுங்கள். அது திருட்டைத் தடுக்காது. திருடு போன பிறகு பை எங்கே என்று காட்டும். காட்டுகிற இடத்துக்கு நீங்கள் கிளம்பிப் போகாமல் காவல்துறையிடம் காட்டுங்கள்.

துணியில் வரும் மடக்குக் கூரைப் பை மலிவாக இருக்கிறதே?

மலிவுதான். மடித்து அலமாரியில் வைக்கலாம், அதுவும் வீவக வீட்டுக்கு வசதி. ஜிப்பில் பூட்டுப் போடலாம் என்பார்கள். பென்சில் சீவும் கத்தி போதும் அதற்கு. நிறுத்தாமல் ஓட்டிப் போய் இறங்கியதும் காலி செய்பவர்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு வேண்டாம்.

காப்புறுதி பணம் கொடுக்குமா?

இரண்டு பாலிசிகளைப் பார்க்க வேண்டும். கார்க் காப்புறுதி காரைச் சார்ந்தது. பெட்டியும் கம்பியும் நீங்கள் பிறகு மாட்டியவை, முன்கூட்டித் தெரிவிக்காவிட்டால் பல நிறுவனங்கள் கணக்கில் எடுப்பதில்லை. பெட்டிக்குள் இருந்த சாமானுக்கு அதில் பெரும்பாலும் இடமில்லை, இருந்தாலும் சிறு தொகை. இங்குள்ள பல கார்க் காப்புறுதிகள் மேற்கு மலேசியாவையும் தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரையும் உள்ளடக்கும். ஹாட்யாய் தாண்டிப் போகிறவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமானுக்குப் பயணக் காப்புறுதி. அதில் சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும்: வாகனத்தில் ஆளில்லாமல் விட்ட பொருளுக்கு இழப்பீடு கிடையாது, பூட்டிய டிக்கியில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்து, உடைத்து எடுத்த அடையாளம் இருந்தால் தவிர. ரூஃப் பாக்ஸ் டிக்கியா இல்லையா? வாங்கும் முன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் "கவர் ஆகும் சார்" என்று சொல்வது பின்னால் நிற்காது. என் புடவைக் கதையில் உடைத்த அடையாளமே இல்லை, அதனால் நான் கேட்கவும் இல்லை.

திருடு போய்விட்டது. முதலில் என்ன செய்வது?

எதையும் தொடாமல் நாலு பக்கமும் படம் எடுங்கள். பூட்டு, மூடியின் விளிம்பு, கார் நிற்கும் இடம். மலேசியாவில் என்றால் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து அதன் பிரதியைக் கையோடு வாங்குங்கள். ஊருக்கு வந்து கொடுக்கலாம் என்று விடாதீர்கள். பல பயணக் காப்புறுதிகள் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல்துறையிடம் சொல்லியிருக்க வேண்டும் என்கின்றன. சிங்கப்பூரில் ஆள் கண்முன்னே இருந்தால் 999. முடிந்துபோன விஷயமென்றால் அக்கம்பக்கக் காவல் நிலையத்திலோ இணையத்திலோ புகார் செய்யலாம். உங்கள் கார்க் கேமரா முன்னும் பின்னும்தான் பார்க்கும், கூரையைப் பார்க்காது. ஆனால் பக்கத்துக் காரின் கேமராவில் விழுந்திருக்கலாம். அவர் கிளம்பிப் போவதற்குள் கேளுங்கள். இங்கே திருட்டுக்குத் தண்டனைச் சட்டம் 379ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும்.

பயணம் இல்லாத மாதங்களில் பெட்டியைக் கூரையிலேயே விடலாமா?

விடலாம், ஆனால் எதற்கு? எண்ணெய்ச் செலவு கூடும், வெயிலில் பிளாஸ்டிக் வெளுக்கும், பூட்டில் தூசி அடையும். கழற்றினால் வைக்க இடமில்லை என்பதுதான் உண்மையான பிரச்சினை. பொது நடைபாதையில் வைப்பதென்றால் 1.2 மீட்டர் வழி விட்டாக வேண்டும், தீயணைப்பு விதி அது. அதோடு அங்கே வைத்தால் மறுபடி திருட்டுப் பயம். நாங்கள் படுக்கையறையில் கதவுக்குப் பின்னால் நிமிர்த்திச் சாய்த்து வைத்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறைதான் பயணம் என்றால் வாடகைக்கு எடுப்பதே மேல். எடுக்கும்போது கடைக்காரர் முன்னாலேயே எல்லாப் பூட்டையும் இரண்டு முறை திறந்து மூடிப் பாருங்கள், சாவி எத்தனை தந்தார் என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.